பொருள் எண் ஆறு

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு மணி.
ஸ்டென்ஹோம் நகர மன்றத்தில் ஐந்து நாற்காலி,
ஐந்திலும் ஆள்.
கோரம் இருக்கிறது என்று எழுதுகிறேன்.
வெளியே மின்னசோட்டாவின் பனி
எவருடைய தீர்மானமும் இல்லாமல் விழுகிறது.

நான் இங்கே கிளார்க்.
பத்தொன்பது வருடமாக என் கையெழுத்தில்தான்
இந்த ஊர் தன்னை ஞாபகம் வைத்திருக்கிறது.

பொருள் ஒன்று, சென்ற கூட்டத்தின் குறிப்பு.
ஆர்டிஸ் டால்குவிஸ்ட் முன்மொழிய
ஓர் இருமல் வழிமொழிந்தது.

பொருள் இரண்டு, செலவுப் பட்டியல்.
சாலைக்கு உப்பு நூற்று நாற்பது டன்.
நூலகக் கழிப்பறைக்குப் பூட்டு, முப்பத்தெட்டு டாலர்.
நாய் பிடிக்கப் போனவருக்கு மருத்துவச் செலவு.
நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பொருள் மூன்று, பனி வாரும் வண்டிக்குப் புதுக் கத்தி.
லாயிட் வழக்கம்போல் எதிர்த்தார்.
ஒருமுறை தானே கொண்டுவந்த தீர்மானத்தை
எதிர்த்து வாக்களித்துத் தோற்றவர் அவர்.
நான்குக்கு ஒன்று. நிறைவேறியது.

பொருள் நான்கு, பிர்ச் தெரு 212, தண்ணீர் இணைப்பு ரத்து.
ஆள் இறந்ததை மார்ச்சில் கண்டோம்.
மீட்டர் நவம்பரிலிருந்தே பூஜ்யம்.
குறைந்தபட்சக் கட்டணம் மட்டும்
ஒவ்வொரு முதல் தேதியும்
வங்கியிலிருந்து தானாக வந்துகொண்டிருந்தது,
ஒரு நாள் தவறாமல்.
'யாரும் பார்க்கவில்லையா?' என்றார் மேயர்.
கேள்வி என்னைத் தேடி மேசை முழுவதும் நடந்தது.
குறிப்பில் எழுதினேன்: விவாதம் இல்லை.

பொருள் ஐந்து திரும்பப் பெறப்பட்டது.

பொருள் ஆறு, தெருவிளக்கு எண் பதினேழு.
குன்னர் ராஸ்கு எழுந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி.
புது பல்பு போட்ட நாளிலிருந்து
படுக்கையறையில் இரவே இல்லையாம்.
கம்பளி தொங்கவிட்டுப் பார்த்தாராம்.
கம்பளிக்கும் கண் கூசுகிறதாம்.
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து ஹோடன் வார்சமே.
மகன் லிபான் வான்கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை,
இரண்டு மணிக்கு நடந்து வருகிறான்.
அந்த முனையில் பனிக்கு அடியில் பனிக்கட்டி.
விளக்கு அணைந்தால் எங்கே கால் வைப்பான் என்றாள்.
ஒருவருக்கு மூன்று நிமிடம்.
அவள் நாற்பது விநாடியில் முடித்துவிட்டாள்,
மிச்சத்தை என்ன செய்வதென்று
மணிக்கூண்டு போல் எல்லோரும் நின்றோம்.

குழுவுக்கு அனுப்பலாம் என்றார் ஆர்டிஸ்.
குழு என்றால் இதே ஐந்து பேர், வேறு கிழமை.

கடைசி வரிசையில் டெல்பர்ட், சாலைப் பணியாள்,
காலில் பூட்ஸ் உருகிக் குட்டையாக,
கையைக் கூடத் தூக்காமல் சொன்னார்:
'ஒரு பக்கம் தகரம் அடிக்கலாம்.'

தகரம் பதினொரு டாலர். ஏணி நம்முடையது.
ஐந்துக்குப் பூஜ்யம்.
லாயிட் கூட ஆம் என்றார்,
சொன்ன பிறகு தன் வாயைத் தானே
சந்தேகமாகத் தடவிக்கொண்டார்.

வாகன நிறுத்தத்தில்
ராஸ்கு தன் கையுறையால்
ஹோடனின் கார்க் கண்ணாடியில் பனியைத் தட்டிவிட்டார்.
சமரசம் என்று அதை எழுத முடியாது.
தட்டிவிட்டார், அவ்வளவுதான்.
அதற்குள் கூட்டம் முடிந்திருந்தது, எட்டு பன்னிரண்டுக்கு.

வியாழன் இரவு அந்த வழியாக ஓட்டிப் போனேன்.
விளக்குக்கு ஒரு கன்னத்தில் தகரம்.
தெரு பாதி மஞ்சள், வீடு முழு இருட்டு,
இருட்டுக்குள் ராஸ்கு
தூங்குகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் காலையில் காப்பிக்கு முன்
மீட்டர் ஏட்டைத் திறக்கிறேன்.
விரலை மேலிருந்து கீழே இறக்குகிறேன்.
பூஜ்யம் வந்தால் நிற்கிறேன்.
சிலர் ஃப்ளோரிடா போயிருப்பார்கள்.
இருந்தாலும் தொலைபேசியை எடுக்கிறேன்.
மணி அடிக்கிறது.
எவரும் முன்மொழியாத, எவரும் வழிமொழியாத
அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கிறது,
எரிச்சலோடு ஒரு குரல்
'யாரது இந்நேரத்தில்' என்று கேட்கும்வரை.